துணிக் கப்பலில் ஏறிய இரவு மீன்

கொடுவா, கீச்சான், களவா ஆகிய மூன்றையும் மீன் சந்தைக்குப் போய்ப் பழகிய எவரும் ஒரே இனமாகக் கருத மாட்டார்கள். கொடுவா கழிமுகத்திலும் உப்பங்கழியிலும் வளர்வது. கீச்சான் கரையோர மணற்பாங்கான நீரில் கூட்டமாகத் திரிவது. களவா கடலடிப் பாறையை ஒட்டி வாழ்வது. ஆனால் 1790-க்கும் 1801-க்கும் இடையில் ஐரோப்பிய விலங்கியல் இம்மூன்றையும் ஒரே பேரினத்துக்குள் போட்டு வைத்தது. பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலீசர் ப்ளாக் 1790-இல் கொடுவாவுக்கு ஹோலோசென்ட்ரஸ் கால்காரிஃபர் என்றும், கீச்சானுக்கு ஹோலோசென்ட்ரஸ் செர்வஸ் என்றும் பெயரிட்டார். அவர் மறைந்தபின் ஷ்னைடர் முடித்து 1801-இல் வெளியிட்ட நூலில் ஒரு களவா, ஹோலோசென்ட்ரஸ் மலபாரிக்கஸ் ஆனது. செவுள்மூடியில் முள் இருந்தது, மூடியின் விளிம்பு ரம்பம்போல் இருந்தது, அதனால் மூன்றும் ஒன்று. இன்று அந்தப் பேரினப் பெயர் இம்மூன்றில் எதற்கும் இல்லை. பகல் முழுவதும் பாறைப் பொந்தில் கிடந்து, இருட்டியபின் வெளியே வரும் பெரிய கண் படைத்த சிவப்பு மீன்களுக்கே அது உரியது. அந்த இரவு மீன்கள் அறிவியலுக்குள் எப்படி வந்தன என்ற வரலாற்றில் ஓர் ஓட்டை இருக்கிறது. நம் கரையின் மீன்களைப் பற்றிய ஐரோப்பிய அறிவு துணி வணிகம் போன வழியிலேயே போனது. அந்த வழி மீனின் உடலை எடுத்துச் சென்றது, அது வாழ்ந்த இடத்தைக் கரையிலேயே விட்டுவிட்டது. பொந்தையே வீடாகக் கொண்ட மீனுக்கு இந்த விடுபடல் மற்ற மீன்களுக்கு நேர்ந்ததைவிடப் பெரிய கேடாக முடிந்தது. இதை நிறுவ முடியும் என்று நம்புகிறேன்.

முதலில் மீனைப் பார்ப்போம். ஹோலோசென்ட்ரிடே என்ற குடும்பத்தில் இன்று ஏறக்குறைய 90 இனங்கள் அறியப்பட்டுள்ளன. அதில் இரண்டு கிளைகள். ஒன்றை ஆங்கில நூல்கள் அணில் மீன் என்கின்றன. செவுள்மூடிக்கு முன்னால் உள்ள எலும்பில் நீண்ட முள் அதன் அடையாளம். மற்றது சிப்பாய் மீன். அதற்கு அந்த நீண்ட முள் கிடையாது, கண் இன்னும் பெரிது, முகம் குட்டை. எட்மண்ட் ஹாப்சன் என்ற ஆய்வாளர் ஹவாயின் கோனா கடலோரத்தில் இரவும் பகலும் மூழ்கிப் பார்த்து 1974-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இரு கிளைகளின் வாழ்க்கையையும் தெளிவாகக் காட்டியது. பகலில் இரண்டும் பாறை விளிம்புக்கு அடியிலும் குகையிலும் வெடிப்பிலும் ஒண்டிக் கிடக்கும். அந்தி மங்கியதும் சிப்பாய் மீன் பாறையை விட்டு மேலெழுந்து நடுநீரில் மிதக்கும் நண்டுக் குஞ்சுகளையும் மற்ற மிதவை உயிர்களையும் உண்ணும். அணில் மீன் அடியை ஒட்டியே அலைந்து நண்டும் இறாலும் தேடும். விடிவதற்குள் இரண்டும் பொந்துக்குத் திரும்பிவிடும். இவற்றின் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. நிறம் பிரித்தறியும் கூம்பு செல்கள் மிகக் குறைவு. நீருக்குள் சிவப்பு ஒளி விரைவில் வடிந்துபோவதால், நம் கையில் பளீரென்று சிவந்திருக்கும் உடல் அங்கே கருத்த நிழலாகவே தெரியும். ஆக கண், நிறம், உணவு ஆகிய மூன்றும் இரவுக்கென அமைந்தவை. பகலில் உயிரோடு இருக்க அதற்குப் பொந்து வேண்டும். பாறையின் மேல் மேயும் மீனுக்குப் பாறை சிதைந்தால் உணவு குறையும், வேறு இடம் தேடிப் போகலாம். இந்த மீனுக்கோ பகல்பொழுதைக் கழிக்கவே இடமில்லாமல் போகிறது.

இப்போது பெயர்களின் பிறப்பிடத்துக்கு வருவோம். ஒரு மீன் எந்த இடத்தில் பிடிபட்ட மாதிரியை வைத்து முதன்முதலில் விவரிக்கப்பட்டதோ அந்த இடம் பெயரோடு என்றென்றைக்கும் சேர்ந்திருக்கும். இந்தியக் கடல்களிலும் காணப்படும் அணில் மீனான சர்கோசென்ட்ரான் ரூப்ரம், சிப்பாய் மீனான மைரிப்ரிஸ்டிஸ் முர்ட்ஜான் ஆகிய இரண்டுக்கும் அந்த இடம் செங்கடல். டென்மார்க் அரசர் ஐந்தாம் ஃபிரெடரிக் 1761-இல் அரேபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் இருந்த லின்னேயஸின் மாணவர் பீட்டர் ஃபோர்ஸ்கால் அவற்றைச் சேகரித்தார். 1763-இல் ஏமனில் காய்ச்சலில் அவர் இறந்தார். குழுவில் உயிர் தப்பிய ஒரே ஒருவரான கார்ஸ்டன் நீபூர், நண்பரின் குறிப்புகளை 1775-இல் அச்சிட்டார். ஃபோர்ஸ்கால் மீனைப் பாதியாகப் பிளந்து, தோலைச் செடி இலைபோல் காகிதத்தில் அழுத்தி உலர்த்தினார். அந்தத் தோல்கள் இன்றும் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் உள்ளன. நமக்கு இதில் முக்கியமான செய்தி வேறு. இந்தப் பயணத்துக்கு முதலில் எழுந்த யோசனை, தரங்கம்பாடியிலிருந்து ஒருவரை அரேபியாவுக்கு அனுப்புவதுதான். அது பிறகு மாறிப் பெரிய ஆய்வுக் குழுவாயிற்று. வணிகச் சரக்கு எதுவும் ஏற்றும் கடமையில்லாத அந்தக் குழு, பவளப்பாறை ஓரமாகவே பயணம் செய்தது. அதனால்தான் பவளப்பாறை மீனுக்குப் பவளப்பாறைக் கடலே பிறப்பிடமாகப் பதிவானது.

தரங்கம்பாடியில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த உடன்படிக்கையால் டேனியர் அங்கே கோட்டை கட்டினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அவர்கள் கப்பலின் முதன்மைச் சரக்கு பருத்தித் துணி. தஞ்சைச் சீமையின் தறிகளில் நெய்து, வண்ணமிட்டு, கட்டுக்கட்டாக வந்த துணிக்காகவே கப்பல்கள் நங்கூரமிட்டன. அந்தக் கப்பல்களில்தான் 1706-இல் ஹாலே நகரத்தோடு தொடர்புடைய லுத்தரன் மதபோதகர்கள் வந்திறங்கினார்கள். அந்த வரிசையில் 1771-இல் வந்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1813-இல் இறக்கும்வரை அவர் தரங்கம்பாடியை விட்டுப் போகவில்லை. மீன், சிப்பி, பாம்பு என்று கிடைத்ததையெல்லாம் சாராயத்தில் ஊறவைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பெர்லினில் அவற்றை வாங்கிப் பிரித்துப் பெயரிட்டவர் ப்ளாக். 1782 முதல் 1795 வரை 12 தொகுதிகளாக, 432 வண்ணப் படங்களோடு வந்த அவருடைய மீன் நூல் அக்காலத்தின் பெரிய சாதனை. நன்றிக்கடனாக இன்று லுட்ஜானஸ் எனப்படும் பேரினத்து மீன் ஒன்றுக்கு ஜானி என்றும், கத்தாளை மீன்களின் பேரினம் ஒன்றுக்கு ஜானியஸ் என்றும் பெயர் வைத்தார். துணிக்கட்டுகளோடு போன சாராயப் புட்டிகள்தான் சோழமண்டலக் கரையை மீனியல் நூல்களில் ஏற்றின என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்தப் புட்டிக்குள் எவை போயின, எவை போகவில்லை என்று கேட்க வேண்டும். கரைக்கு வந்த வலையிலிருந்து ஜான் போன்றோர் மீனை வாங்கினார்கள். எத்தனை பாகம் ஆழத்தில், எந்த அடிநிலத்தில், எந்த நேரத்தில் அது பிடிபட்டது என்பது வலை இழுத்தவருக்குத் தெரியும். அந்தச் செய்தி புட்டியோடு போகவில்லை. சாராயத்தில் சிவப்பு நிறம் முதலில் கரைந்துபோகும். மாதக்கணக்கில் பயணம் செய்து பெர்லின் சேர்ந்த மீன் வெளுத்திருக்கும். மிஞ்சுவது எலும்பும் முள்ளும் செதிலும் மட்டுமே. எண்ணக்கூடியவை அவைதாம் என்பதால் ப்ளாக் அவற்றை எண்ணினார். இடம் பற்றிய குறிப்பு எவ்வளவு தளர்வாக இருந்தது என்பதற்குக் கொடுவாவே சான்று. அது ஜப்பான் கடலிலிருந்து வந்ததாக அவர் எழுதினார். அந்தக் குறிப்பு பிழையாக இருக்கும் என்றே இன்று கருதுகிறார்கள். ஜப்பானில் வாழும் கொடுவா தனி இனம் என்று 1984-இல் பிரித்துவிட்டார்கள். கழிமுக மீனும் பாறை மீனும் மணல் மீனும் ஒரே பேரினத்துக்குள் விழுந்தது ப்ளாக்கின் அறியாமையால் அல்ல. அவர் கைக்கு வந்த சான்று அவ்வளவுதான்.

இதே கதை வடக்கே விசாகப்பட்டினத்திலும் நடந்தது. அலெப்போவில் மருத்துவராக இருந்த பேட்ரிக் ரஸ்ஸல், கிழக்கிந்தியக் கம்பெனியில் அதிகாரியாக இருந்த தம்பியோடு 1780-களின் தொடக்கத்தில் அங்கே வந்தார். 1785-இல் முன்பு தரங்கம்பாடியில் இருந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் இறந்ததும், கம்பெனியின் இயற்கையியலர் பொறுப்பு ரஸ்ஸலுக்கு வந்தது. விசாகப்பட்டினமும் கம்பெனிக்குத் துணி திரட்டும் ஊர். அங்கே கிடைத்த மீன்களைப் பற்றி ரஸ்ஸல் எழுதிய இரண்டு தொகுதி நூலைக் கம்பெனியின் இயக்குநர்களே 1803-இல் இலண்டனில் வெளியிட்டார்கள். ரஸ்ஸல் இலத்தீன் பெயர் சூட்டவில்லை. உள்ளூர்க்காரர்கள் சொன்ன பெயரையே எழுதினார். பாரிஸில் விலங்கியலாளர் குவியே அந்த நூலைப் பிரித்து வைத்துக்கொண்டு பல மீன்களுக்கு முறைப்படி பெயரிட்டார். கானாங்கெளுத்தியின் கனகுர்த்தா என்ற அறிவியல் பெயர் அப்படி வந்ததே. 1829-இல் மைரிப்ரிஸ்டிஸ் என்ற பேரினத்தை நிறுவிய அவர், ரஸ்ஸல் பதிவு செய்த ஊர்ப்பெயரையே கொண்டு மைரிப்ரிஸ்டிஸ் போட்ச்சே என்ற சிப்பாய் மீனுக்கும் பெயரிட்டார். அதன் பிறப்பிடம் விசாகப்பட்டினம் என்றே இன்றும் நூல்களில் இருக்கிறது. விசாகப்பட்டினக் கரையில் பாறைகள் உண்டு, பவளத்திட்டு கிடையாது. தரங்கம்பாடியோ மணற்கரை. இந்தியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் உண்மையான பவளத்திட்டு உள்ள இடம் பாக் விரிகுடாவும், இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளாக நீளும் மன்னார் வளைகுடாவுமே. பவளத்திட்டு மீன்கள் அங்கே பெயர் பெறாமல், துணி ஏற்றும் ஊர்களில் பெயர் பெற்றன.

ஊத்துக்குளி போன்ற உள்நாட்டு ஊரில் இருந்து பார்க்கும்போது இந்த வரலாறு எங்கோ நடந்ததாகத் தோன்றலாம். வெண்ணெய்க்குப் பெயர்போன அந்த ஊர் இன்று திருப்பூர் பின்னலாடைத் தொழிலின் ஒரு பகுதி; கடல் அங்கிருந்து எந்தத் திசையிலும் அருகில் இல்லை. ஆனால் ஊத்துக்குளிக்குத் தெற்கே ஓடும் நொய்யல், கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலந்து பூம்புகாரில் கடல் சேர்கிறது. அதற்குச் சற்றுத் தெற்கே இருப்பது தரங்கம்பாடி. நொய்யல் கரையிலேயே உள்ள கொடுமணலில், 1980-களிலிருந்து நடந்த அகழாய்வில் சங்கு வளையல்களும் அறுத்த சங்குத் துண்டுகளும் கிடைத்தன. சங்கு கடலில் மட்டுமே கிடைப்பது. அதற்குப் பெயர்பெற்ற இடம் மன்னார் வளைகுடா. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கொங்கு நாட்டுக்கும் கடலுக்கும் இடையே சரக்கு போய்வந்தது என்பதற்கு அது சான்று. இன்றோ திருப்பூர் வட்டாரத்தில் தைக்கும் பனியனும் சட்டையும் பெட்டகங்களில் ஏறிப் பெரும்பாலும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகின்றன. தரங்கம்பாடியும் விசாகப்பட்டினமும் பவளமில்லாத துணித் துறைமுகங்களாக இருந்தன. இன்றைய துணித் துறைமுகத்தின் வாசலிலேயே பவளத்தீவுகள் இருக்கின்றன. ஆகவே துணியும் மீனும் சந்தித்த இந்தக் கதை பின்னலாடை வட்டாரத்து வாசகருக்கு அயல்கதை ஆகாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தூத்துக்குடி அன்றும் துணித் துறைமுகந்தானே? 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து அதைப் பிடித்த டச்சுக்காரர்கள் முத்தோடும் சங்கோடும் பாண்டிநாட்டுத் துணியையும் ஏற்றினார்கள். துணி வணிகம்தான் காரணம் என்றால், மன்னார் வளைகுடாவின் இரவு மீன்கள் அங்கிருந்தே பெயர் பெற்றிருக்க வேண்டாமா? இந்த மறுப்பை ஏற்று என் வாதத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. துணி மட்டும் போதாது. துறைமுகத்தில் பல்லாண்டு தங்கிப் புட்டி நிரப்பும் ஒரு மதபோதகரோ மருத்துவரோ வேண்டும். ஐரோப்பாவில் அவரிடமிருந்து மீன் வாங்கி நூல் எழுதும் ஒருவர் வேண்டும். தரங்கம்பாடிக்கு ஜானும் ப்ளாக்கும் அப்படி வாய்த்தார்கள். விசாகப்பட்டினத்துக்கு ரஸ்ஸலும் குவியேயும். 1816-க்குப் பின் புதுச்சேரியிலிருந்து லெஷெனோ என்பவர் பாரிஸுக்கு அனுப்பியதும் இதே முறைதான். டச்சுக்காரர்களின் இயற்கையியல் ஆர்வமோ இன்றைய இந்தோனேசியாவின் அம்போய்னாவிலும் பத்தாவியாவிலும் குவிந்தது. தூத்துக்குடியில் அவர்கள் ஆள் வைத்து எண்ணியது முத்துச்சிப்பியை. எனவே துணி வழியைக் கொடுத்தது, புட்டியை யார் நிரப்பினார் என்பதே பெயரைத் தீர்மானித்தது என்று சொல்வதே பொருந்தும். இடம் விடுபட்டது என்ற முடிவு இதனால் மாறவில்லை.

இன்னொரு மறுப்பு அறிவியல் பக்கத்திலிருந்து வரும். வகைப்பாட்டுக்கு உடல் போதும். வாழிடம் வேறு துறையின் வேலை. ப்ளாக் கலந்து வைத்ததைப் பிரித்த குவியேயும் கடலில் மூழ்கவில்லை, அவரும் புட்டியைத்தான் பார்த்தார். இது உண்மை. குவியேயும் வாலன்சியனும் 1828 முதல் 1849 வரை 22 தொகுதிகளில் எழுதிய மீன் வரலாற்றில், கொடுவாவும் களவாவும் கீச்சானும் இந்தக் கூட்டத்திலிருந்து விலக்கப்பட்டன. இரவு மீன்கள் தனியே நின்றன. 1904-இல் ஃபௌலர் சர்கோசென்ட்ரானைப் பிரித்தெடுத்தார். ஹோலோசென்ட்ரஸ் என்ற பழைய பெயர் இன்று அட்லாண்டிக் இனங்களுக்கு மட்டும் நிற்கிறது. இந்தக் குடும்பம் எந்த வரிசையைச் சேர்ந்தது என்ற கேள்வியை மரபணு ஆய்வுகள் இன்னும் விவாதிக்கின்றன. பெரிசிஃபார்மிஸ் வரிசையில் வைத்திருந்ததை 2010-களில் பலர் ஹோலோசென்ட்ரிஃபார்மிஸ் என்ற தனி வரிசையாக்கினர். இத்தாலியின் மான்டே போல்காவில் ஏறக்குறைய 5 கோடி ஆண்டு பழமையான பாறையில் இந்தக் குடும்பத்தின் புதைபடிவங்கள் கிடைப்பதால், குடும்பம் மிகத் தொன்மையானது என்பது உறுதி. இவையெல்லாம் உடலைக் கொண்டே நிறுவப்பட்டவை. ஆனால் இனங்களின் எல்லை என்று வரும்போது கதை மாறுகிறது. சிவப்பும் வெள்ளிக் கோடுகளுமாக ஒன்றைப்போலவே மற்றொன்று இருக்கும் இம்மீன்களை, நிறம் போன புட்டியிலிருந்து பிரிப்பது அரிது. ஒரே மீனுக்குப் பல பெயரும், பல மீனுக்கு ஒரே பெயரும் வழங்கின. நீருக்கடியில் மூழ்கிப் பார்த்தவரான ஜான் ராண்டால், டேவிட் கிரீன்ஃபீல்டோடு சேர்ந்து 1996-இல் சிப்பாய் மீன்களையும், 1998-இல் தனியாக அணில் மீன்களையும் மறுஆய்வு செய்தபோதுதான் பல குழப்பங்கள் தெளிந்தன. ஃபோர்ஸ்காலின் நூலிலிருந்து எண்ணினால் 220 ஆண்டுகளுக்கு மேல். உயிரோடு உள்ள நிறத்தையும் இடத்தையும் பார்த்தவர் கையால் தெளிந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் காலத்தில் நீருக்குள் இறங்கிப் பார்க்க வழியில்லையே என்பார்கள். ஐரோப்பிய அறிஞருக்கு வழியில்லை. மன்னார் வளைகுடாவில் வழி இருந்தது. கடலடித் திட்டுக்குப் பார் என்று பெயரிட்டு, ஒவ்வொரு பாருக்கும் கரை அடையாளமும் ஆழமும் சொல்லக்கூடிய பரதவரும், கீழக்கரை முஸ்லிம் முத்துக்குளிப்பவர்களும் தலைமுறை தலைமுறையாக அங்கே இறங்கினார்கள். கல்லைக் காலில் கட்டி, மூச்சடக்கி, பல பாகம் ஆழத்தில் சிப்பி பொறுக்கினார்கள். போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆட்சி மாறினாலும் பார்களைச் சோதித்துச் சிப்பியின் அளவைப் பதிவு செய்யும் வழக்கம் மாறவில்லை. அந்த அலுவலகக் கோப்புகளில் சிப்பிக்கு இடம் இருந்தது, சிப்பியைத் தின்னும் மீனுக்கும் ஓரளவு இருந்தது, பொந்துக்குள் கிடந்த சிவப்பு மீனுக்கு விலை இல்லாததால் இடம் இல்லை. கரையோர மீனவர்களோ அந்த அறிவைத் தொழிலாகவே வைத்திருந்தார்கள். கீழக்கரை, மண்டபம் வட்டாரத்தில் குச்சிகளால் பின்னிய கூடுகளைப் பார்களில் இறக்கிப் பாறை மீன் பிடிக்கும் முறை உண்டு. அது பற்றி எம்.எஸ்.பிரபு 1954-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பாறை மீன் இண்டு இடுக்கைத் தேடும் என்பதைத் தெரிந்து வடிவமைத்த கருவி அந்தக் கூடு. ஆக அறிவு இருந்தது, அதை எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்கும் படவில்லை.

மன்னார் வளைகுடாவின் பக்கம் அருங்காட்சியகங்களின் பார்வை திரும்பியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில். சென்னை மருத்துவப் பணியில் இருந்த ஃபிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் நூல், அதுவரை வந்த எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தது. இரவு மீன்களும் அதில் உண்டு. ஆனால் அவர் நம்பியதும் பெரும்பாலும் சந்தைகளையே. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1890-களில் இராமேசுவரம் தீவையும் வளைகுடா உயிர்களையும் பற்றி எழுதினார். 1927-இல் அதே அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள் குறித்துத் தனி வெளியீடு கொண்டுவந்தது. 1947-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கி மண்டபத்தில் நிலைகொண்டது. அதன் ஆய்வாளர்கள் மகாதேவனும் நாகப்பன் நாயரும் 1960-களில் மூச்சுக்கருவி அணிந்து தூத்துக்குடிப் பார்களில் இறங்கினார்கள். இந்தியக் கடலியலில் அது துணிச்சலான தொடக்கம். மதிப்பிற்குரிய அந்த வேலையும் முதன்மையாக முத்துப் பார்களை நோக்கியது, பகலில் நடந்தது.

சரியாக அந்த ஆண்டுகளில்தான் பவளத்தை வெட்டி எடுப்பது உச்சத்தில் இருந்தது. கரையோரத்தில் வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பவளக்கல் எடுப்பது பழைய வழக்கம். சிமெண்டு, கால்சியம் கார்பைடு ஆலைகளுக்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டதும் அது தொழிலாயிற்று. தூத்துக்குடி, மண்டபம் பகுதிகளில் படகு படகாக, ஆண்டுக்குப் பல்லாயிரம் டன் என்ற அளவில் எடுத்தார்கள். வளைகுடாவில் இருந்த சுமார் 110 சதுர கிலோமீட்டர் பவளத்திட்டில் ஏறக்குறைய 32 சதுர கிலோமீட்டர், பெரும்பாலும் இந்த வெட்டலால், அழிந்துவிட்டதாகத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிடுகிறது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. 1986-இல் கடல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தது 2001-இல்தான். வெட்டியவர்கள் இறந்த பவளக் குன்றுகளையும் எடுத்தார்கள். உயிருள்ள பவளத்தைக் காக்க வேண்டும் என்பவர்கள்கூட இறந்த கல்லை எடுப்பதைப் பெரிய குற்றமாகப் பார்க்கவில்லை. இரவு மீனுக்கு அந்த வேறுபாடு கிடையாது. உயிருள்ள பவளமோ இறந்த கல்லோ, அதற்கு வேண்டியது பொந்து.

வாழிடத்தை முன்பே எழுதி வைத்திருந்தால் மட்டும் வெட்டல் நின்றிருக்குமா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆய்வாளர்கள் 1970-களின் தொடக்கத்திலேயே பவள அழிவை அளந்து எழுதினார்கள். அப்படியும் சட்டம் வர முப்பது ஆண்டு பிடித்தது. எழுத்து தானாக எதையும் காப்பதில்லை என்பதற்கு ஊத்துக்குளி வட்டாரத்திலேயே சான்று உண்டு. 1992-இல் நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பயன்படாமல் சாயக்கழிவு தேங்கும் இடமானது. அது பற்றிய அளவீடுகளும் அறிக்கைகளும் ஏராளம் வந்தபின்னும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்ட பிறகே நிலைமை திரும்பத் தொடங்கியது. ஆனால் விவசாயிகள் அந்த வழக்கை நடத்தி வென்றதற்குக் காரணம், கெட்டுப்போன கிணறும் நிலமும் எவை என்று அவர்களால் சுட்டிக்காட்ட முடிந்ததே. பவளக்கல் படகில் ஏறியபோது, அந்தக் கல்லுக்குள் எந்த மீன் பகலைக் கழித்தது என்று சுட்டிக்காட்ட ஒரு பதிவும் இல்லை. இழப்பைக் கணக்கிட அடிப்படைக் கணக்கே இல்லாமல் போனது. நான் இடம் விடுபட்டதைக் கேடு என்று சொல்வது இந்தப் பொருளில்தான்.

இன்றைய நிலையும் முழுதாக மாறிவிடவில்லை. 2015-க்குப் பின் தூத்துக்குடிக்கு அருகே கரைந்துகொண்டிருந்த வான் தீவைச் சுற்றி, சென்னை ஐஐடி வடிவமைத்த துளையுள்ள செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அலையைத் தணித்துத் தீவைக் காப்பதோடு மீன்களுக்கு ஒதுங்கிடம் தருவதும் அவற்றின் நோக்கம். இது நல்ல வேலை, தொடர வேண்டிய வேலை. ஆனால் உலகெங்கும் பவளத்திட்டு மீன்களை எண்ணும் வழக்கமான முறை, முக்குளிப்பவர் பகலில் ஒரு கோட்டின் வழியே நீந்தி, கண்ணில் பட்டதை எழுதுவது. பொந்துக்குள் இருக்கும் மீனை அந்த முறை குறைத்தே காட்டும் என்பது ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்ட செய்தி. 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது மன்னார் வளைகுடாவின் இரவு மீன்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பகல் கணக்கு மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆகவே வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி தீவுகளைச் சுற்றி ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தி சாய்ந்தபின் கணக்கெடுக்க வனத்துறையும் ஆராய்ச்சி நிலையங்களும் ஏற்பாடு செய்ய வேண்டும். கூடு வைக்கும் மீனவர்களை அதில் கூலிக்கு வருபவர்களாக மட்டும் வைக்காமல், பார்களை அறிந்தவர்களாகச் சேர்க்க வேண்டும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபம் ஈட்டும் நிறுவனங்கள் அதில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தத் தீவுகளின் ஓரமாகத் துணிப் பெட்டகங்களை அனுப்பும் திருப்பூர், ஊத்துக்குளி, அவிநாசி வட்டார நிறுவனங்கள் இந்த இரவுக் கணக்கெடுப்பின் செலவை ஏற்றுக்கொள்ள வேண்டும்.